காலையில் காதுச் சத்திரசிகிச்சை, பின்னேரம் வீடு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு அஞ்சு வயது. காதுக்குள்ள குழாய் வைக்கணுமாம். காலையில மயக்கிச் செஞ்சிட்டு, பின்னேரமே வீட்டுக்கு விடுவாங்களாம். ஒரு ராவாவது வாட்டில வைச்சிருக்க வேண்டாமா?"

சிகிச்சை சின்னது. நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் பிள்ளைகளுக்குக் கட்டையாகவும் கிடையாகவும் இருக்கும். அது சரியாகத் திறக்காவிட்டால் உள்ளே பசைபோல நீர் தேங்கிக் கேட்டல் மங்கும். செவிப்பறையில் நுண்ணிய கீறல் போட்டு, அந்த நீரை உறிஞ்சியெடுத்து, குரொமெற் என்ற பொடிக் குழாயைச் செருகுவார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை, தையல் கிடையாது.

ஆக, வீட்டுக்குப் போகும் நேரத்தைப் பெரும்பாலும் மயக்கம்தான் தீர்மானிக்கிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முகமூடி வழியாகக் கொடுப்பது செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு. இரத்தத்தில் நன்றாகக் கரையும் வாயுதான் வேகமாக மயக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு! மூளையை உறங்க வைப்பது அந்த வாயுவின் பகுதியமுக்கம், அதாவது அந்த வாயு மட்டும் தரும் அமுக்கம். நிறையக் கரையும் வாயுவை இரத்தம் விழுங்கிக்கொண்டே இருப்பதால் அமுக்கம் மெல்லத்தான் ஏறும். இறங்குவதும் அப்படியே. நுரையீரல் காற்றும் இரத்தமும் சமநிலைக்கு வந்தபின், காற்றில் 1 பங்கு இருந்தால் இரத்தத்தில் பழைய மயக்க மருந்தான ஈதர் சுமார் 12 பங்கு இருக்கும். அதற்குப் பின் வந்த ஹலோதேன் 2.4 பங்கு. செவோஃப்ளூரேனோ வெறும் 0.65. இரத்தத்தில் இவ்வளவு குறைவாகத் தங்குவதால், வாயுவை நிறுத்தியதும் ஒவ்வொரு மூச்சும் அதை வெளியே கொண்டுபோகிறது. ஈரல் உடைக்க வேண்டியது மிகச் சிறு பங்குதான். எனக்கு இது அலுக்காத அழகு.

இதே வேகத்தால்தானோ என்னவோ, சில பிள்ளைகள் கண் விழித்ததும் கத்தி அழுது உதறுவார்கள். பெற்றோர் பயந்து போவார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அதைக் கண்ணூறு என்று நினைக்க வேண்டாம்.

பிள்ளை நன்றாக விழித்து, சத்தியெடுக்காமல் குடித்து, வலி பரசிற்றமோலுக்கு அடங்கினால் வீட்டுக்குப் போகலாம். குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் பிள்ளை என்றால் இரவு தங்க வைப்பதே சரி. வாகரை, பொத்துவில் போன்ற தூர ஊர்களிலிருந்து வருபவர்களிடம், இரவில் அவசரமென்றால் வாகனம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். அது வசதி பற்றிய கேள்வி இல்லை, மருத்துவக் கேள்வி.

வீட்டில் காதுக்குள் நல்லெண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். இப்போது செவிப்பறையில் வழி இருக்கிறது, எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போகும். வைத்தியர் சொல்லும்வரை வாவியில் முங்கிக் குளிப்பதும் வேண்டாம். குழாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களில் தானாகவே விழுந்துவிடும். கிளினிக் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.