குண்டு எங்கே போய் நிற்கும்?

அப்பாயியின் தையல் டப்பாவில் ஊசி போட்டு வைக்க ஒரு பித்தளைக் கூடு இருந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். மேலே கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும், வாயில் துணி அடைத்து வைத்திருப்பார். அடிப்பக்கத்தைத் திருப்பினால் 42 என்ற எண்ணும் ரோம எழுத்தில் ஏழும் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படை முகாம் இருந்த தியத்தலாவைப் பக்கம் மாடு மேய்க்கப் போன தாத்தா பொறுக்கி வந்ததாம். இதுதான் துவக்கிலிருந்து பறந்து போய் ஆளைத் துளைக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய சாமான் உடம்புக்குள் போனால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பயந்ததும் உண்டு.

பறப்பது அது இல்லை. தோட்டா என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில், தட்டினால் பொறி கக்கும் சின்ன மூடி இன்னொன்று. உள்ளே வெடிமருந்து. வாயில் செருகியிருக்கும் குண்டு நான்காவது. பத்திரிகைகளில் இதைத்தான் சன்னம் என்று எழுதுகிறார்கள். விசையை இழுத்ததும் ஓர் ஊசி மூடியைத் தட்டுகிறது, மருந்து பற்றுகிறது, அந்தப் புகையின் அழுத்தம் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. கூடு துவக்கிலேயே நின்றுவிடும். அப்புறம் கீழே விழும், ஊசி டப்பாவாகும்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். விசை, உந்தம் என்று கரும்பலகையில் எழுதினால் கடைசி வாங்கில் இருக்கும் பையன்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சேர், எந்தத் தோட்டா ரொம்ப பவர்?" அது தப்பான கேள்வி என்பது என் எண்ணம். தோட்டாவைத் தேர்கிறவன் முதலில் கேட்க வேண்டியது, குண்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத்தான். காகித இலக்கு, யானை, காட்டுப்பன்றி, போர்க்களம் என்று இடம் மாற மாற அந்தக் கேள்விக்கு விடையும் மாறும்.

முதலில் தாத்தாவின் கூட்டையே பார்ப்போம். அது பிரித்தானியப் படை பயன்படுத்திய .303 தோட்டாவின் கூடு. 'த்ரீ-நாட்-த்ரீ' என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதே. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். ரோம ஏழு என்பது 1910இல் வந்த ஏழாம் மாதிரியைக் குறிக்கிறது. அதன் குண்டு 174 கிரெயின் எடை. கிரெயின் என்றால் தானியம். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்த அளவு. நம் தட்டார் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தது போல வெள்ளைக்காரன் தானியம் வைத்து நிறுத்தான், துவக்குக்காரர்கள் இன்றும் அதை விடவில்லை. கிராமில் சொன்னால் 11.3. இது குழலை விட்டு வரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர். கணக்குப் போட்டால் 3100 ஜூல் சக்தி. 50 கிலோ அரிசி மூட்டை இரண்டு மாடி உயரத்திலிருந்து விழும்போது உள்ள சக்தி, ஒரு பேனா மூடி அளவுப் பொருளில்.

வேகம் மட்டும் போதாது. நீளமான குண்டை அப்படியே தள்ளிவிட்டால் காற்றில் குட்டிக்கரணம் போடும். அதனால் ரைபிள் குழலின் உட்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டின் விட்டம் பள்ளங்களுக்கு இடையிலுள்ள அளவைவிடக் கொஞ்சம் கூட. ஆகவே அது பள்ளத்தில் கடிபட்டுச் சுழன்றுகொண்டே வெளியேறும். .303 குழலில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 744 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அப்படியென்றால் விநாடிக்கு 2900 தடவைக்கு மேல் சுழல்கிறது. பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்பதும், இந்தக் குண்டு மூக்கை முன்னே வைத்துப் பறப்பதும் ஒரே விதிதான். குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமான சுழற்சி வேண்டும். பாரமான நீளக் குண்டை மெதுவாகச் சுழற்றும் குழலில் போட்டால் இலக்குக் காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை விழும். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். துவக்குக்குப் பொருந்தாத தோட்டா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காகிதத்தைச் சுடுகிறவனுக்குக் குண்டு என்ன செய்கிறது என்பதில் அக்கறையில்லை. காகிதத்தைத் தாண்டிப் பின்னால் உள்ள மண்மேட்டில் புதைந்தால் சரி. அவனுக்கு வேண்டியது நேற்றுப் போல இன்றும், இன்றைக்குப் போல நாளையும் ஒரே மாதிரிப் பறக்கும் குண்டு. 50 மீட்டர் ரைபிள் போட்டியில் .22 என்ற சின்னத் தோட்டாதான் பயன்படுகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. இந்தப் போட்டித் தோட்டாக்களை வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் காற்றலையால் லேசாக ஆட்டம் காணும். ஒலிவேகத்துக்குக் கீழேயே தொடங்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே மலைநாட்டுக்காரன் கவனிக்க ஒன்று இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்குள்ள காற்று கொழும்புக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. தடுக்கும் காற்று குறைந்தால் குண்டு வேகத்தை அதிகம் இழக்காது, தூரத்தில் குறைவாகத் தாழும். கொழும்பில் குறி சரிசெய்த ரைபிளைக் கோச்சியில் ஏற்றி மேலே கொண்டுவந்து நீண்ட தூரத்துக்குச் சுட்டால் குண்டு கொஞ்சம் மேலே போய் விழும். ஆனால் ஒலியின் வேகம் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது. 28 பாகை கொழும்பில் விநாடிக்கு 348 மீட்டர், 16 பாகை நுவரெலியாவில் 341. உயரம் ஏறினால் எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைத்தால் குளிர் வந்து குறுக்கே நிற்கும்: ஒலிவேகம் இறங்கினால், அதற்குக் கீழே நிற்க வேண்டிய போட்டிக் குண்டுக்கு இடம் குறையும்.

சரி, யானைக்கு வருவோம். நுவரெலியாவில் மேஜர் தோமஸ் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. பதுளையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தவர், 1400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறையையும் மின்னல் விடவில்லை என்பது ஊர்ப் பேச்சு. யானை கொன்றால் அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. அவருக்குப் பின் 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கரிடம் 21 இறாத்தல் எடையுள்ள ரைபிள் இருந்தது. அதன் ஈயக் குண்டு 3 அவுன்ஸ், 85 கிராம். தாத்தாவின் கூட்டிலிருந்து பறந்த குண்டைப்போல ஏழரை மடங்கு.

ஏன் அவ்வளவு பெரிது? அந்தக் காலத்துக் கருமருந்தால் வேகத்தைக் கூட்ட முடியவில்லை, ஆகவே எடையைக் கூட்டினார்கள். யானையின் மூளை தலையின் பின்பகுதியில், தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மென்மையான ஈயம் அங்கே மோதினால் வழியிலேயே நசுங்கி நின்றுவிடும். யானை சாகாது, கோபம்தான் வரும். எனவே ஈயத்தோடு வெள்ளீயம் போன்றவற்றைக் கலந்து இறுக்கமாக்கினார்கள். நெஞ்சை நிமிர்த்திப் படம் பிடித்துக்கொண்ட அந்த வேட்டைக்காரர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஆனால் பாரம், கடினம், விட்டம் மூன்றும் சேர்ந்துதான் குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை முடிவு செய்கின்றன என்ற பாடத்தை அவர்கள் படித்தது நம் காடுகளில்தான்.

வேகத்தைக் கூட்ட வழி பிறகு வந்தது, புகையில்லா வெடிமருந்தாக. வந்ததும் வேறு சிக்கல். வேகம் கூடினால் வெறும் ஈயம் குழலின் பள்ளத்தில் பிடி நிற்காமல் உரிந்து அப்பிக்கொள்ளும். 1882இலேயே எட்வார்ட் ரூபின் என்ற சுவிஸ் அதிகாரி ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டிருந்தார், அதுவே கைகொடுத்தது. சட்டை போட்ட குண்டு உடம்பில் மோதினாலும் விரியாமல் நேரே துளைத்துக்கொண்டு போனது. எதிரி விழவில்லை என்று பிரித்தானியப் படைக்குக் குறை. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையில் மூக்குப் பகுதியில் மட்டும் சட்டையைக் கழற்றி ஈயத்தை வெளியே விட்டார்கள். மோதியதும் காளான் குடை போல விரியும். அந்தக் கொடூரத்தைப் பார்த்த மற்ற நாடுகள் எதிர்க்க, உடம்பில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் பிரகடனம் வந்தது.

தாத்தாவின் கூட்டிலிருந்த ஏழாம் மாதிரிக் குண்டு இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. வெளியே பார்த்தால் முழுச் சட்டை, கூர் மூக்கு, பிரகடனப்படி சுத்தம். உள்ளேயோ முன் பகுதியில் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியம் வைத்திருந்தார்கள். பாரம் பின்னால் போய்விட்டது. காற்றில் சுழற்சி அதை நேராக வைத்திருக்கும். காற்றைவிடப் பலநூறு மடங்கு அடர்த்தியான தசைக்குள் போனதும் சுழற்சி தோற்றுப்போகும், பின்பாரம் முன்னுக்கு வரப் பார்க்கும், குண்டு உள்ளேயே குட்டிக்கரணம் அடிக்கும். விரியவில்லை, ஆகவே பிரகடனத்தை மீறவில்லை. கதவைப் பூட்டச் சொன்னால் ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

இதில் ஒரு முரண். போரில் தடையான அந்த விரியும் குண்டுதான் வேட்டைக்குச் சரியானது. மூக்கில் ஈயம் தெரியும் குண்டு பன்றியின் உடம்பில் விரிந்து, தன் சக்தியை அங்கேயே கொட்டி, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். விலங்கு சீக்கிரம் விழும். முழுச் சட்டைக் குண்டோ ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். பன்றி காயத்தோடு மானாப் புல்லுக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாகும். குண்டும் நிற்காது, பின்னால் யார் இருக்கிறார்களோ அவரிடம் போகும். விரியும் ஈயக் குண்டிலும் ஒரு குறை உண்டு. அது பொடிப்பொடியாகச் சிதறி, காயத்துக்கு எட்ட இருக்கும் இறைச்சியிலும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும். சமைத்தாலும் ஈயம் போகாது, பிள்ளைகளின் மூளைக்கு அது நஞ்சு. முழுக்கச் செம்பில் செய்த விரியும் குண்டுகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறார். அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வைத்திருக்கிறார், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று அலுத்துக்கொள்வார். அது ரைபிள் இல்லை, 12 போர். போர் என்றால் இங்கே சண்டை இல்லை, குழலின் அளவு (bore). ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ அந்தக் குழல், 18.5 மில்லிமீட்டர். உள்ளே சுருள் பள்ளம் இல்லை. அவர் போடும் எஸ்.ஜி. தோட்டாவில் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடிய ஒன்பது ஈய உருண்டைகள் இருக்கும். பறவைக்கென்று உள்ள 6ஆம் நம்பரில் அவுன்ஸுக்கு 270 பொடி உருண்டைகள். நம்பர் ஏற ஏற உருண்டை சிறுக்கும், அப்பாயியின் ஊசிகளைப் போலவே.

ஒருநாள் ஒரு பெட்டித் தோட்டாவைக் காட்டி, "மாஸ்டர், இது குழலுக்குள்ள போகவே மாட்டேங்குது" என்றார். காகிதக் கூடு வைத்த பழைய தோட்டா. மூன்று மாதப் பனியையும் மழையையும் குடித்து ஊதியிருந்தது. அடித்துத் திணிக்கப் போகிறாரோ என்று பயந்துபோய், வேண்டாம் அண்ணே என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரைபிள் வாங்கினால் என்ன என்று அவரும் ஒருமுறை கேட்டார். சரிவைக் காட்டினேன். குண்டு தாழ்வது ஈர்ப்பினால். ஈர்ப்புக்குக் கிடைத்தூரம்தான் கணக்கு. 35 பாகை சரிவில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றி, கிடையாக அளந்தால் 164 மீட்டரில்தான் நிற்கிறது. மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் பழக்கமில்லாதவனின் குண்டு பன்றியின் முதுகுக்கு மேலாகத்தான் போகும். போனால் எங்கே நிற்கும்? .303 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடியது, அந்தச் சின்ன .22கூட ஒன்றரைக் கிலோமீட்டர்வரை போகும். எதிர்மலையில் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். எஸ்.ஜி. உருண்டைகள் 30, 40 மீட்டருக்கு அப்பால் பன்றியை நம்பி வீழ்த்தாது, சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். உருண்டை காற்றில் சீக்கிரம் களைக்கும். அந்தக் களைப்புத்தான் இங்கே நமக்கு வேண்டியது.

விலங்கு கம்பியைத் தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு வைப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. குண்டு எங்கே நிற்கும் என்று பார்க்க அங்கே ஓர் ஆளே கிடையாது. விறகுக்குப் போனவரின் காலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் இரவு பத்தரை மணிபோல அவர் கூப்பிட்டார். தாய்ப்பன்றியும் ஐந்தாறு குட்டிகளும் லீக்ஸ் பாத்திக்குள். டோர்ச் வெளிச்சத்தில் பெரியது தலையைத் தூக்கிப் பார்த்தது, 25 மீட்டர் இருக்காது. அவர் துவக்கைத் தூக்கினார். பன்றி வரப்பின் மேல் ஏறி நின்றது. அதற்கு நேர் பின்னால், தேயிலைக்குக் கீழே, கடைசி லயத்தில் யாரோ கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்கள். அண்ணன் துவக்கைத் தாழ்த்தித் தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலியில் தொங்கிய தகர டின்னை எடுத்து அடி அடியென்று அடித்தார். விடிந்து பார்த்தால் மூன்று பாத்தி போயிருந்தது. மத்தியானத்துக்குள் புது நாற்று நட்டுவிட்டார்.