பூங்கா திறக்கும் முன் பராமரிப்புப் பணத்தைப் பேசுங்கள்

மறுபடியும் ஒரு நகர் நலச் சங்கம். மறுபடியும் அதே கேள்வி: “சார், எங்கள் பூங்காவுக்கு ஏதாவது கம்பெனியில் சிஎஸ்ஆர் நிதி, அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனிகள் ஒதுக்கும் பணம், வாங்கித் தர முடியுமா?”

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். வந்தவர்களின் பூங்காக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். வரவுப் பக்கம் முழுக்க நன்கொடையாளர் பெயர்கள். செலவுப் பக்கத்தில் நுழைவு வளைவு, கிரானைட் கல்வெட்டு, டைல்ஸ் நடைபாதை, சிமெண்ட் பெஞ்சு, திறப்பு விழாப் பந்தல், மைக்செட், சாப்பாடு. கடைசி வரியில் மரக்கன்றும் கூண்டும். அதோடு சரி. தோட்டக்காரர் சம்பளம், கரண்டு பில், எரு என்று ஒரு வரிகூட இல்லை. இன்று அங்கே மோட்டார் காயில் எரிந்து கிடக்கிறது, கோரை முழங்கால் உயரத்துக்கு மண்டிவிட்டது.

“நிதி மட்டும் வந்துவிட்டால் போதும் சார், பூங்கா வந்துவிடும்” என்கிறார்கள். இந்தப் பேச்சுதான் என்னைப் பொறுமையிழக்க வைக்கிறது. நிதி வந்துதானே இந்த நிலைமை? வாசலில் பெயர் பொறிக்க முடிகிற செலவுக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள். எம்எல்ஏ நிதி கிடைக்கும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவார்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தாரும் வருவார்கள். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் தர யாரும் வர மாட்டார்கள். அது உங்கள் தெரு கொடுக்க வேண்டிய பணம். கடன் வாங்கிக் கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிட்டு, குடித்தனச் செலவுக்குக் கையேந்தலாமா?

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 120 வீடு, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் 12,000. அரைநாள் தோட்டக்காரருக்கு 8,000, கரண்டுக்கு 1,500 என்று வைத்தால் மீதி 2,500 எருவுக்கும் குழாய்க்கும் மோட்டார் ரிப்பேருக்கும். இந்த 100 ரூபாயை ஆறு மாதம் வசூலித்துக் காட்ட முடியாத சங்கத்துக்குப் பத்து லட்சம் வந்தாலும் பூங்கா நிற்காது. பெரிய நன்கொடை வந்தால் அத்தனையையும் கட்டுமானத்தில் கொட்டாதீர்கள். 5 லட்சத்தை வைப்புநிதியில் போட்டு 7 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். ஆனால் அந்தப் பணம் மூலநிதிக்கு, அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கிற நிதிக்கு, என்று நன்கொடையாளர் எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தை வருமான வரித்துறையிடம் செல்லாது.

அடுத்து, இடம் யாருடையது? பெரிய மனைப்பிரிவில் 10 விழுக்காடு இடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நம் பக்கத்தில் மனைப்பிரிவு என்றாலே நேற்றுவரை வயல். ஒதுக்கப்படுவது பெரும்பாலும் வடிகால் ஓரத்துத் தாழ்ந்த மூலை. ஐப்பசி, கார்த்திகையில் களிமண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மேடு போடவும் வடிகால் வெட்டவும் முதலில் பணம் ஒதுக்குங்கள், பெஞ்சு அப்புறம். தானப்பத்திர நகல் கையில் இல்லாமல் அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

அரசு வழிகளும் இருக்கின்றன. மக்களும் அரசும் சேர்ந்து பணம் போடுகிற நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதியை அரசு தரும். நகரங்களின் அடிப்படை வசதிகளுக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் தஞ்சாவூரும் கும்பகோணமும் இருந்தன. அதில் பூங்காக்களுக்கு ஒதுக்கியது திட்டத் தொகையில் அதிகபட்சம் 2.5 விழுக்காடுதான். பராமரிப்பில் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தத் திட்டமே சொன்னது.

சிஎஸ்ஆர் பணத்துக்கு வருவோம். அது முதலாளி சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருகிற பணம் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். வாங்குகிற சங்கமோ அறக்கட்டளையோ வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவோடு இருக்க வேண்டும், அதேபோன்ற பணியில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும், சிஎஸ்ஆர் பணம் வாங்கப் பதிவு செய்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். பதிவே இல்லாத சங்கத்தின் லெட்டர்பேடை எடுத்துக்கொண்டு போனால் வரவேற்பறையோடு திரும்ப வேண்டியதுதான். டெல்டாவில் பெரிய கம்பெனிகளும் குறைவு, எல்லாரும் அதே நாலைந்து கதவுகளைத்தான் தட்டுகிறார்கள்.

இன்னொரு கொடுமை மார்ச் மாதம். நிதியாண்டு முடிவதற்குள் சிஎஸ்ஆர் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் பங்குனி வெயிலில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நட்டுவிட்டுப் போகிறார்கள். சித்திரைக்குள் கருகிவிடுகின்றன. ரசீது மட்டும் பத்திரமாக என் மேசைக்கு வருகிறது. இப்படி அவசரப்பட வேண்டியதே இல்லை. கம்பெனி இதைத் தொடர் திட்டமாக அறிவித்து, மீதியைத் தனிக் கணக்கில் வைத்து, அடுத்த மூன்று நிதியாண்டு வரை செலவிட விதியிலேயே இடமிருக்கிறது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். மார்ச்சில் மண்வேலை, போர்வெல், வேலி. புங்கன், நாவல், புன்னைக் கன்றுகள் மழை பிடிக்கும்போது. இப்படி எழுதிக் கொடுங்கள்.

தலைவரின் ஜிபே எண்ணில் வசூல் செய்யாதீர்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. கரண்டு இணைப்பும் தனிநபர் பெயரில் வேண்டாம். அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் அலைவது நீங்கள்தான். வரவுசெலவை மாதாமாதம் பூங்கா வாசலிலேயே ஒட்டுங்கள். அதைப் பார்த்தால் சந்தா தராதவரும் தருவார்.

தயவுசெய்து உங்கள் வார்டில் மக்கள் குறை சொல்ல நடக்கும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். பூங்கா இடத்தைச் சர்வே செய்து எல்லைக்கல் போடச் சொல்லி மனு கொடுத்து, அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு என்னிடம் வாருங்கள். வரும்போது தானப்பத்திர நகல், சங்கப் பதிவுச் சான்று, பான் கார்டு, ஆறு மாதச் சந்தா நோட்டு, நான்கும் கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.