2.7 மில்லிவிநாடிக் கெடு: பாட்டுப் பதிவுக்கு எந்தக் கம்ப்யூட்டர்?

பாட்டு ரெக்கார்டிங்குக்கு என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கேட்டால், பல கடைகளில் கேமிங் கம்ப்யூட்டரைத்தான் காட்டுவார்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு, பதினாறு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), கலர் கலராக எரியும் ஃபேன். விளையாட்டுக்குச் சரி. பதிவுக்கு அதில் பாதிப் பணம் வீண்.

மைக்கில் வரும் ஒலியை, மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. எண்ணை ஒவ்வொன்றாக அனுப்பினால் கட்டுப்படியாகாது என்பதால், 128 எண் சேர்ந்ததும் ஒரு கட்டாகக் கம்ப்யூட்டரிடம் தருகிறது. அந்தக் கட்டுதான் பஃபர். 128ஐ 48,000ஆல் வகுத்தால் 2.7 மில்லிவிநாடி. அடுத்த கட்டு வருவதற்குள், எல்லா டிராக்கிலும் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகள்) உள்ள ஈக்யூ (ஒலியின் கனம், கூர்மையைச் சரிசெய்வது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) கணக்குகளை முடித்து, ஹெட்போனுக்குப் போகவேண்டிய கட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பந்தியில் இலை காலியாவதற்குள் அடுத்த கரண்டி சாதம் விழ வேண்டும், அவ்வளவுதான். பரிமாறுபவர் சராசரியாக எவ்வளவு சுறுசுறுப்பு என்று யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு தடவை தாமதித்தாலே சாப்பிடுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒலியில் அந்த ஒரு தாமதம் 'டப்' என்று ஒரு வெடிப்பாகக் கேட்கும்.

சரி, பஃபரைப் பெரிதாக்கிவிட்டால்? 1024 வைத்தால் 21 மில்லிவிநாடி அவகாசம் கிடைக்கும். ஆனால் உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என்று அந்தத் தாமதம் இரட்டிப்பாகி 40ஐத் தாண்டும். தன் குரலே இவ்வளவு பிந்தி ஹெட்போனில் கேட்டால் பாடுபவருக்குத் தாளம் நிற்காது. 10 மில்லிவிநாடியில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். மேடையில் அந்தத் தூரத்தில் மிருதங்கம் இருந்தால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆகவே பதிவு செய்யும்போது போய்வரும் மொத்தத் தாமதம் 10க்குள் இருந்தால் போதும். பதிவு முடிந்து டிராக்குகளைக் கலக்கும் மிக்ஸிங்கின்போது தாராளமாக 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

குரல் மட்டும்தான் பதிவு செய்வீர்கள் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் 'டைரக்ட் மானிட்டரிங்' வசதி பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் உண்டு. பழைய கம்ப்யூட்டரே போதும். கீபோர்டில் சாஃப்ட்வேர் வாத்தியம் வாசிப்பவர்களுக்கு அது உதவாது. அங்கே ஒலி பிறப்பதே கம்ப்யூட்டருக்குள்.

அவர்களுக்குத்தான் பிராசசர் முக்கியம். ஒரு டிராக்கில் ஈக்யூ முடிந்துதான் கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), அது முடிந்துதான் ரிவெர்ப். ஒன்றின் விடை இல்லாமல் அடுத்தது தொடங்க முடியாது. அதனால் அந்தச் சங்கிலி முழுவதும் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். வேறு வேறு டிராக்குகள் வேறு வேறு கோருக்குப் போகலாம். ஆனால் கடைசியில் எல்லாம் சேரும் மாஸ்டர் டிராக் மறுபடி ஒற்றைச் சங்கிலி. ஆக, பதினாறு மெதுவான கோரைவிட வேகமான எட்டு மேல். வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் பார்க்கும்போது சிங்கிள்-கோர் மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். கிராபிக்ஸுக்குப் பிராசசரோடு வருவதே போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெடிப்பு கேட்டால், அநேகமாக டிரைவர்தான் (ஒரு சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) காரணம். வைஃபை டிரைவர் பிராசசரைச் சில மில்லிவிநாடி பிடித்து வைத்துக்கொண்டால் கெடு போயிற்று. சாதாரண வேலையில் இது கண்ணுக்கே தெரியாது. 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருள் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும். பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் சொந்த ஏஸியோ டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸின் ஒலிக் கலவை அடுக்கைத் தாண்டி நேராகப் போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990களில் கொண்டுவந்த வழி அது. என்னைக் கேட்டால், பிராசசரில் ஒரு படி இறங்கியாவது நல்ல டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸை வாங்கலாம்.

டிஸ்க் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 24 பிட் மோனோ டிராக் விநாடிக்கு 144 கிலோபைட்தான். 24 டிராக் சேர்ந்தாலும் மூன்றரை மெகாபைட். எஸ்எஸ்டி தேவைப்படுவது வாத்திய சாம்பிள்களுக்கு, அதாவது நிஜ வாத்தியத்தை வாசித்துப் பதிந்து வைத்த ஒலித் துண்டுகளுக்கு. பெரிய சாம்பிளர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கும். அதற்கு எஸ்எஸ்டியில் வேகம் குறைந்த சாட்டா வகையே தாங்கும். ராம் 16 ஜிபி; ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி என்றால் 32.

அப்புறம் சத்தம். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்ஸர் மைக், கேபினெட் ஃபேனையும் சேர்த்தே பதிவு செய்யும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தள்ளும் என்பதால் சத்தம் குறைவு. நம் ஊரில் இன்னொரு சங்கடம்: ரெக்கார்டிங் நேரத்தில் ஏசி, சீலிங் ஃபேன் இரண்டையும் அணைத்துவிடுவோம், அறை கொதிக்கும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் கூலரைப் பெரிதாக வாங்க வேண்டும். முடிந்தால் கேபினெட்டையே அடுத்த அறைக்குத் தள்ளிவிடலாம். யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டர் வரை போகும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால், சிலர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் எர்த் சரியாக உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஸ்பீக்கருக்கு, வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள்.