சிங்கம் வருமா டாக்டர்?

உகாண்டாவுக்கு மருத்துவ முகாமுக்குப் போகிறேன் என்றதும் ஆஸ்பத்திரியிலும் சபையிலும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே சிங்கம் வருமா டாக்டர்?" ஒரு நவம்பர் மாதம், இரண்டு வாரம், ஜிஞ்சாவுக்குப் பக்கத்தில் புசோகா கிராமங்களில் இருந்தோம். சிங்கமெல்லாம் தேசியப் பூங்காவோடு சரி. எங்களைத் தேடி வந்தவை அரிசி மணி அளவு ஆசாமிகள். நான் தோல் மருத்துவர் என்பதால் அவற்றின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டு.

முதல் ராத்திரியே விளக்கடியில் நைரோபி ஈ. பெயர்தான் ஈ, உண்மையில் வண்டு. எறும்பு மாதிரி ஒல்லி உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறிப் பட்டை. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் வம்பு: உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு நம் தோலில் பட்டுவிடும். எங்கள் குழுவில் ஒரு தம்பி, கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று பட்டென அடித்துவிட்டான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் சாட்டையால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் கொப்புளம், எரிச்சல்.

இதே இனத்து வண்டு நம் ஊரிலும் மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்டு. அக்கியென்றால் பெரும்பாலும் வலி முதலில் வரும், உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் பரவும். காவி இரண்டுக்குமே உதவாது. வண்டு மேலே ஊர்ந்தால் வாயால் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

நாங்கள் தங்கிய வீட்டில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தது. வீட்டுக்கார அம்மா துண்டு, பனியன், காலுறை என்று ஒன்று விடாமல் இரண்டு பக்கமும் தேய்ப்பார். நாங்கள் சிரித்தோம். கொடியில் காயும் ஈரத் துணியில் மாம்பழ ஈ முட்டையிடும், புழு பொரிந்து நம் தோலுக்குள் புகுந்துகொள்ளும், சூடுதான் முட்டையைக் கொல்லும் என்று அவர் சொன்னபோதும் எங்கள் சிஸ்டர் ஒருவர் நம்பவில்லை. இரண்டாம் வாரம் அவர் இடுப்பில் ஒரு கட்டி. நடுவில் சின்னத் துளை. "டாக்டர், உள்ளே என்னமோ அசையுது!" துளை மேல் வாசலின் அப்பிக் காத்திருந்தோம். மூச்சுக்காகப் புழு வெளியே எட்டிப் பார்த்ததும் மெல்ல எடுத்தோம். பிதுக்கக் கூடாது, உள்ளே நைந்தால் சீழ் பிடிக்கும். அலறி முடித்த சிஸ்டர் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்!

சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. அங்கே என்வுன்சா என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் தெள்ளுப்பூச்சி. பெண் பூச்சி கால் விரலுக்குள் புதைந்து பட்டாணி அளவுக்கு ஊதும். இது ஆப்பிரிக்காவின் சொந்தப் பூச்சி கிடையாது. 1872 வாக்கில் பிரேசிலிலிருந்து அங்கோலாவுக்கு வந்த கப்பலின் மணலோடு இறங்கியது, பிறகு கண்டம் முழுக்க நடந்துவிட்டது. மண் தரை வீட்டுப் பிள்ளைகள் நடக்க முடியாமல் வந்தார்கள். ஒரு பாட்டி ஊக்கால் அதை அத்தனை லாவகமாக எடுத்தார், எனக்கு அந்தக் கை வராது. ஆனால் அதே ஊக்கு அடுத்த பிள்ளைக்கும் போகிறது, ரத்தத்தில் பரவும் நோயும் டெட்டனஸும் கூடவே போகின்றன. டைமெத்திகோன் என்ற எண்ணெயைத் தடவினாலே பூச்சி உள்ளே செத்துப்போகும், குத்த வேண்டியதில்லை. போகிறவர்கள் மூடிய ஷூ போடுங்கள்.

ஒரு நாள் வேலியோரம் பச்சோந்தி. நவொலொவு என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் சிதறி ஓடினார்கள், அதைத் தொட்டால் ஆகாது என்று நம்பிக்கை. நான் விரலில் ஏற்றிக்கொண்டேன். இலைக்கு இலை யோசித்து யோசித்துக் காலெடுத்து வைக்கும் அந்த நடையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஊர்வனவற்றின் தோலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

சாப்பாடு என்றதும் என்செனெனெ. நவம்பர் மாதத்துக்கே லுகாண்டா மொழியில் முசெனெனெ என்று பெயர் வைக்குமளவுக்கு அங்கே பிரபலமான வெட்டுக்கிளி. சிறகும் காலும் கிள்ளி, வெங்காயம் போட்டு வறுத்துத் தட்டில் வைத்தார்கள். சின்ன வயதில் ஆச்சி வறுத்துத் தந்த ஈசல் ஞாபகம் வந்தது, இரண்டு கைப்பிடி ஆயிற்று. இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம், அதே ஒவ்வாமை இதிலும் வரலாம்.

அப்புறம், ஊர் திரும்பிய பின் கட்டியோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே "உகாண்டா போய் வந்தேன்" என்று சொல்லுங்கள். காய்ச்சலென்றால் அன்றைக்கே மலேரியா பரிசோதனை. மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் சரி.