வழு: பூச்சியும் இல்லை, பிழையும் இல்லை

'துவக்க மேலாளர்: திட்டமிட்ட முன்னேற்றங்கள், தெரிந்த பூச்சிகள்.' கணினியைப் போட்டதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பூட் மேனேஜர் நிரல் ஒன்றின் குறிப்பைத் தமிழில் போட்டிருந்த லட்சணம் இது. நிரலில் இருக்கும் குறையை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள், அதைத்தான் அப்படியே பூச்சி ஆக்கியிருக்கிறார்கள். இந்தப் 'பூச்சி'யை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்தாயிற்று. சிங்கப்பூரில் இதைப் படிக்கிறவருக்கு, புளோக் கீழே கொசுப் புகை அடிக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு போலத்தான் இருக்கும். அதிலும் 'தெரிந்த' பூச்சி, ஏதோ வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர் மாதிரி.

'பக்' வந்த கதை எல்லாரும் சொல்வதுதான்: 1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு விட்டில் சிக்கியது, அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். ஆனால் இயந்திரக் கோளாறுக்கு எடிசன் 1878லேயே அந்தச் சொல்லைப் புழங்கியிருக்கிறார். ஆக, ஆங்கிலத்திலேயே அது பூச்சியை விட்டு விலகி வெகுகாலம் ஆயிற்று.

சரி, பூச்சியை விடுங்கள். எனக்குச் சண்டை 'பிழை'யோடுதான். எளிய சொல், எல்லாருக்கும் புரியும், அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் நிறையப் பேர். திரையில் வரும் எரருக்கு ஏற்கெனவே 'பிழைச்செய்தி' என்று பெயர் வைத்துவிட்டோமே, பக்கையும் பிழை என்றால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? லினக்ஸ் கணினிகளில் இருக்கும் கிரப் என்ற பூட் மேனேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இருந்த வட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) நீங்களே அழித்துவிட்டுக் கணினியைப் போட்டால், 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்' என்று சொல்லி நின்றுவிடும். அது பிழைச்செய்தி. நிரலில் ஒரு குறையும் இல்லை, இல்லாததை இல்லை என்று சரியாகத்தான் சொல்கிறது. அதே கிரப்பில், கடவுச்சொல் பூட்டுப் போட்டிருந்தாலும், பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் பூட்டைத் தாண்டி உள்ளே போய்விடலாம் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். 2009இல் நிரலில் நுழைந்து, 1.98ஆம் பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை. அத்தனை வருடமும் எந்தச் செய்தியும் காட்டாமல் கமுக்கமாக உள்ளே கிடந்தது. ஒன்றில் பிழைச்செய்தி உண்டு, பக் இல்லை. மற்றதில் பக் உண்டு, பிழைச்செய்தி இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் எதைத் திருத்துவார், தன் தட்டச்சையா, நிரலையா?

'வழு' என்ற சொல் நன்னூலிலேயே இருக்கிறது. வழுவுதல் என்றால் நெறியிலிருந்து தவறுதல். நிரல் எழுதியவர் நினைத்த வழியை விட்டு விலகுவதும் அதுதானே. பண்டிதத் தமிழ் என்று முகம் சுளிப்பவர்கள், 'வழுக்கி விழுந்தான்' என்று நாளும் சொல்கிறவர்கள்தாம். அதோடு, வழுவுக்குப் பக்கத்திலேயே வழுவமைதி என்றும் ஒன்று இருக்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுதான், ஆனால் உவப்பில் சொன்னதால் ஏற்றுக்கொள்கிறோம். 'இது தெரியும், காரணத்தோடுதான் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம்' என்று நிரலாளர்கள் எழுதிவைக்கும் பட்டியல் இருக்கிறதே, அதற்கு இவ்வளவு பொருத்தமான பெயரை வேறு எந்த மொழிக்காரன் வைத்திருக்கிறான்! தலைப்புக்கு 'அறிந்த வழுக்கள்' போதும், வழுவமைதியை நான் ஆசைக்குச் சொல்கிறேன்.

மற்ற சொற்களையும் சும்மா விட முடியவில்லை. நம் பிள்ளைகள் படிப்பது தொடக்கப்பள்ளி, தொடக்கக் கல்லூரி. கணினி மட்டும் ஏன் 'துவங்க' வேண்டும்? யாழ்ப்பாணத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி, இங்கே அந்த வழி வந்த குடும்பங்களுக்கா பஞ்சம்? மேலாளர் என்றால் ஆள். எந்த இயங்குதளத்தைக் கிளப்புவது என்று கேட்கிற நிரலுக்கு 'தொடக்கத் தேர்வி' போதாதா? 'முன்னேற்றங்கள்' எதற்கு? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு வருவதை மேம்பாடு என்கிறோம், மென்பொருளுக்கு வந்தாலும் மேம்பாடுதான். மொழிபெயர்ப்பாளரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, அவர் கைக்கு வருவது வெறும் சொற்பட்டியல், அந்தச் சொல் திரையில் எங்கே வரும் என்று யாரும் காட்டுவதில்லை. ஆனாலும் பூச்சி என்று தட்டும்போது கை கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டாமா?