ஆடத் தெரிந்த கோபுரம்

ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோட்டோ போகிறவர்கள், நிலையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வலப்பக்க ஜன்னலைப் பார்க்கலாம். கட்டடங்களுக்கு நடுவே கருத்த மரக்கோபுரம் ஒன்று ஐந்து கூரைகளோடு எட்டிப் பார்த்துவிட்டு மறையும். அது தோஜி என்கிற புத்தர் கோயிலின் கோபுரம். கோயில் 796-இல் தொடங்கியது. கோபுரத்தின் உயரம் 54.8 மீட்டர், ஜப்பானில் இதைவிட உயரமான மரக்கோபுரம் கிடையாது. முன்பு நான்கு முறை எரிந்துபோய், இப்போது நிற்பது 1644-இல் எழுப்பிய ஐந்தாவது கோபுரம். தீயிடம் இத்தனை முறை தோற்றதை, அதன் பிறகு வந்த எந்த நிலநடுக்கத்தாலும் சாய்க்க முடியவில்லை.

காரணம், இது இறுக்கமாகக் கட்டப்படவே இல்லை. அடுக்கு டிபன் கேரியரின் பிடியைக் கழற்றிவிட்டு, கிண்ணங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போலத்தான் ஐந்து அடுக்குகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித் தூண்கள். தரை குலுங்கும்போது கீழ் அடுக்கு இடப்பக்கம் போனால் மேலடுக்கு வலப்பக்கம் போகும். மொத்தக் கோபுரமும் பாம்பு போல நெளியும். மரத்தில் குடைந்து செருகிய ஆயிரக்கணக்கான மூட்டுகள் அப்போது ஒன்றோடொன்று உரசும். ஆட்டத்தின் ஆற்றல் அந்த உராய்வில் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. வெளியே நீளும் கனத்த ஓட்டுக் கூரைகள், கழைக்கூத்தாடி கையிலிருக்கும் கம்பின் வேலையைச் செய்கின்றன.

நட்டநடுவில் ‘ஷின்பஷிரா’ என்கிற மையத் தூண் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது எந்த மாடியையும் தாங்கவில்லை. உச்சியிலுள்ள உலோகக் கலசத்தை மட்டும் சுமக்கிறது. சுற்றிலும் இடைவெளி. ஏதாவது ஓர் அடுக்கு அளவுக்கு மீறி நகர்ந்தால் இந்தத் தூணில் முட்டி நிற்கும் என்பது ஒரு விளக்கம். தூணின் பங்கு எவ்வளவு என்பதில் பொறியாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. கோயில்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. அவர்களுக்கு அந்தத் தூணே மகாவைரோசன புத்தர். மற்ற நான்கு புத்தர்கள் சிலைகளாக அதைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். 2012-இல் திறந்த 634 மீட்டர் ஒளிபரப்புக் கோபுரமான தோக்கியோ ஸ்கைட்ரீயின் நடுவிலும் இதே பெயரில் ஒரு கான்கிரீட் தூண் நிற்கிறது. அங்கே உராய்வுக்குப் பதில் எண்ணெய் நிரப்பிய அதிர்வுத்தணிப்பான்கள்.

சரி, நிலநடுக்கம் வந்தால் மணிக்கு 285 கிலோமீட்டரில் ஓடும் ரயில் என்ன செய்யும்? அதனால் நெளிய முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். நிலநடுக்கத்தில் இரண்டு அலைகள் கிளம்புகின்றன. முதலில் வரும் பி அலை நொடிக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடும், சேதம் குறைவு. பின்னால் வரும் எஸ் அலைதான் உலுக்கும். அதன் வேகம் ஏறக்குறைய பாதி. நிலநடுக்க மையம் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பத்து நொடிக்கு மேல் அவகாசம். உணர்கருவி பி அலையைப் பிடித்ததுமே மின்கம்பியில் மின்சாரம் நிற்கும். அது நின்றதும் ரயில் தானாக அவசர பிரேக் போடும். முழுதாக நிற்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் வேகம் குறைந்தவரை லாபம்.

மையம் காலடியிலேயே இருந்தால் அவகாசமே கிடைக்காது. 2004-இல் நீகாத்தாவில் அப்படித்தான் ஒரு ஷின்கான்சென் தடம்புரண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அப்புறம்தான் தோஜியைக் கடந்து போகும் தொக்கைடோ பாதையில், தண்டவாளத்துக்கு உள்பக்கம் இன்னொரு தண்டவாளத்தைப் பதிக்க ஆரம்பித்தார்கள். நடுவே சிறு இடைவெளி. சக்கரம் அதற்குள் ஆடிக்கொள்ளலாம், மீறினால் முட்டும்.