டிரைலோபைட்: மூன்று கண்டமா, மூன்று மடலா?

டிரைலோபைட் என்பது கடலில் வாழ்ந்து அழிந்துபோன, ஓடுடைய கணுக்காலி. அதைப் பற்றிய தமிழ்க் காணொளி ஒன்றில் போன வாரமும் அதே சொல் காதில் விழுந்தது: 'முக்கண்ட உயிரி'. தலை, நடுவுடல், வால் என மூன்று கண்டங்கள் இருப்பதால் இந்தப் பெயராம். பெயரும் தவறு, சொன்ன காரணமும் தவறு.

மூலச்சொல் கிரேக்கம். 'ட்ரை' என்றால் மூன்று, 'லோபோஸ்' என்றால் காதுமடல் போன்ற மடல். கடைசியில் வரும் 'ஐட்' கற்களுக்கும் புதைபடிவங்களுக்கும் வைக்கும் ஈறு. 1771இல் யோஹான் வால்க் என்ற ஜெர்மானியர் இட்ட பெயர் இது.

அந்த மூன்று மடல்களும் நீளவாக்கில் கிடப்பவை. ஓட்டின் மேல் தலையிலிருந்து வால்வரை இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. நடுவே மேடாக எழும்பி நிற்பது அச்சுமடல். அதன் அடியில்தான் குடல். இருபுறமும் உள்ள பக்கமடல்கள் கால்களுக்கும் செவுள்களுக்கும் கூரை. சரி, தலை–நடுவுடல்–வால் பிரிவும் உண்மைதானே என்றால், உண்மைதான். ஆனால் பூச்சிக்கும் தலை, மார்பு, வயிறு என்று மூன்று உண்டு. அப்படியானால் எறும்பும் முக்கண்ட உயிரியா?

அதைவிடப் பெரிய குழப்பம் 'கண்டம்'. கணுக்காலிகளின் உடலில் வரிசையாக வரும் வளையம் ஒவ்வொன்றையும்தான் கண்டம் என்கிறோம். டிரைலோபைட்டின் நடுவுடல் ஒன்றிலேயே அவை பல. எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். ஆஸ்திரேலியாவில் கேம்பிரியன் என்னும் தொல்காலத்துப் பாறைகளில் கிடைத்த பால்கோரகானியா என்ற டிரைலோபைட்டில் நூற்றுக்கும் மேல். நூறு கண்டம் உள்ளதற்கு முக்கண்டம் என்று பெயர்! போதாததற்கு, கேட்பவர் காதில் அது 'முக்கண்' என்றும் விழுகிறது. கால்சைட் என்னும் கனிம வில்லைகளால் ஆன கூட்டுக்கண்கள் இரண்டு என்பது இவ்வுயிரின் பெரும் சிறப்பு. கண்ணே இல்லாத இனங்களும் உண்டு. மூன்று கண் எங்கிருந்து வந்தது?

'முக்கூற்றுயிரி' என்போரும் உண்டு. அது பொய் சொல்லவில்லை, ஆனால் எந்தத் திசையில் கூறு என்பதையும் சொல்லவில்லை. என் தேர்வு 'மும்மடலி'. மடல் என்றால் கடிதமும்தானே, தாழை மடலும்தானே என்று கேட்கலாம். நுரையீரல் மடல் என்று படிக்கும்போது யாரும் கடிதத்தை நினைப்பதில்லை. கிரேக்கர் காதுமடலுக்குச் சொன்ன சொல்லுக்கு நம் காதுமடலே நேராகப் பொருந்தும்போது வேறு எதைத் தேட வேண்டும்?

இதெல்லாம் படத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் திறந்து மொழிபெயர்ப்பதால் வரும் வினை. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை கடலில் வாழ்ந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்த உயிர் அது. ஒரே ஒரு புதைபடிவப் படத்தையாவது உற்றுப் பார்த்திருக்கலாம். மும்மடலி பிடிக்கவில்லை என்றால் டிரைலோபைட் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.